சுல்மாவின் இடது கால்

மேடையில் நிற்கிறவனுக்கு ஆடுகிறவர்களின் முகத்தைவிடக் கால்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போவார்கள். அக்கார்டியன் என்கிற துருத்திப் பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு மேலே நிற்கிறவனோ குனிந்த தலை நிமிராமல் அந்தப் பாதங்களைப் பார்த்தே பாட்டின் வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். அரிஸ்டில் மால்வோ தன் மனைவியைச் சந்தேகிக்க ஆரம்பித்ததும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான். பாழாய்ப்போன அந்தச் சந்தேகம் அவளுடைய இடது காலிலிருந்து கிளம்பியது.

ஓப்பலூசாஸ் நகரத்துக்கு மேற்கே, நெல்வயல்களுக்கு நடுவில் இருந்த ஆட்டக்கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அரிஸ்டிலின் குழுதான் வாசிக்கும். அன்று அவன், ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடுகிற ஒரு வால்ட்ஸை எடுத்தான். வால்ட்ஸில் ஆண் இடது காலை முன்னே வைப்பான், பெண் வலது காலைப் பின்னே எடுப்பாள். பால்குடி மறந்த குழந்தைக்குக்கூட அந்த ஊரில் இது தெரியும். அவன் மனைவி சுல்மா, நாவிதக் கிழவரோடு ஆட எழுந்தவள், இடது காலை முன்னே வைத்துக் கிழவரின் பாதத்தை மிதித்துவிட்டாள். கிழவர் நொண்டினார், கூடம் சிரித்தது, அரிஸ்டிலும் சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமையும் அதே இடது கால். அப்புறம் இன்னொன்றையும் கவனித்தான். அவள் வலது கை ஆணின் கையைப் பிடிக்கப் போகாமல் அவன் முதுகுக்குப் போய், பிறகு சட்டென்று நினைவு வந்ததுபோல் அவன் கைக்குத் திரும்பியது. இருபது வருஷமாக அவன் பார்த்து வந்த ஆட்டம் இது இல்லை. சுல்மாவுக்கு ஆடப் பழக்கியவர் அவள் அப்பா. அவருடைய நடை அப்படியே அவள் காலில் இருந்தது. இப்போது அதில் வேறு எவனோ புகுந்திருந்தான்.

அவன் இப்படி நினைத்ததில் தப்பில்லை என்றுதான் அந்த ஊரார் சொல்வார்கள். கால் தானாக மாறாது, பிடித்து ஆடுகிறவன்தான் மாற்றுவான் என்பது அவர்களுக்கு வேதம். ஒருத்தி இரண்டு சுற்று வந்தால் போதும், இவள் இன்னார் கையில் ஆடிப் பழகினவள் என்று பந்தயம் கட்டுவார்கள். ஆனால் அரிஸ்டிலின் கையில் ஆடிப் பழகினவள் என்று சுல்மாவை யாரும் சொன்னதில்லை. அவன் அவளோடு ஆடியதே இல்லை. சமையல்காரன் பந்தியில் உட்கார முடியுமா? அவன் வாசிப்பான், அவள் ஊராரோடு ஆடுவாள். மரியாதையாக வந்து கேட்கிற ஆணை மாட்டேன் என்று திருப்பி அனுப்புவது அங்கே அவன் முகத்தில் அறைவதற்குச் சமம். அதனால் அவள் கிழவரோடும் ஆடுவாள், வாலிபனோடும் ஆடுவாள். அதையெல்லாம் அவன் ஒரு நாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இப்போது எடுத்துக்கொண்டான். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு ஆணின் காலையும் அளந்தான். தன் பாட்டுக்கே தன் வீட்டுக்காரியோடு சுற்றுகிறவர்களில் எவன் அவன் என்று தேடினான்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற ஒருவன் பக்கத்திலேயே இருந்தான். கிளியோபா. வரி வரியான தகரத்தைச் சட்டைபோல மார்பில் மாட்டி, பாட்டில் மூடி திறக்கிற கருவியால் கரகரவென்று உரசித் தாளம் போடுகிறவன். அந்தத் தகரத்தைவிட அவன் வாய்க்குச் சத்தம் அதிகம். இடைவேளையில், கூடத்தின் பின்புறம் இரண்டு பேரும் பூதான் தின்றுகொண்டு நின்றார்கள். சோறும் பன்றிக்கறியும் அடைத்த அந்தக் குடல் சுடச்சுட இருந்தது.

"அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது..." என்றான் கிளியோபா.

"அப்படி ஆரம்பிச்சு எவனும் நல்ல சேதி சொன்னதில்லடா. சொல்லு."

"அண்ணியோட ட்ரக்கைப் பார்த்தேன். புதன்கிழமை மத்தியானம். நம்ம புளோரெஸ்தான் அண்ணன் இருக்காருல்ல, அவரு கிழங்குக் கொட்டகைக்குப் பின்னால நின்னுச்சு."

"கிழங்கு வாங்கப் போயிருப்பா."

"முன்னால நின்னா கிழங்கு வாங்க. பின்னால நின்னா?" கிளியோபா விரலை நக்கிக்கொண்டான். "ஒரு புதன் இல்லண்ணே. போன புதனும் பார்த்தேன். எனக்கென்ன, சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

புளோரெஸ்தான் மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர். சர்க்கரைவள்ளி பயிரிடுகிறவர். அதிர்ந்து பேசாதவர். சனிக்கிழமை வந்தால் கஞ்சி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வருவார். அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரைப்போல வால்ட்ஸ் ஆட ஆள் கிடையாது. எந்தப் பெண்ணைத் தொட்டாலும் இறகைத் தொட்டதுபோல் ஆடுவார். இத்தனை நாளாக அரிஸ்டில் அதை மெச்சிக்கொண்டிருந்தான். இப்போது அந்த ஷூவைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

புதன்கிழமை அரிசி ஆலையில் வேலை முடிந்து வீடு வந்ததும் வாசலில் கிடந்த சுல்மாவின் ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அடியில் செம்மண்ணும் கிழங்கு வேரின் நாரும் ஒட்டியிருந்தன. மோந்துகூடப் பார்த்தான், வெட்கங்கெட்டவன்.

"மத்தியானம் எங்க போயிருந்தே?"

சுல்மா அடுப்பில் கம்போக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "உன் அக்காவைப் பார்க்க."

"எமெராந்த் அக்காவையா?"

"உனக்கு எத்தனை அக்கா இருக்காங்க?"

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். குரலில் நடுக்கமில்லை. நடுக்கம் இருந்திருந்தால் அது ஒரு சந்தேகம், இல்லாததால் இது இன்னொரு சந்தேகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனான். எமெராந்தின் கணவர் குஸ்தாவ் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அங்கே கணவனை இழந்தவள் வருஷம் முழுக்கக் கறுப்பு உடுத்த வேண்டும், ஆட்டத்துக்குப் போகக் கூடாது, வீட்டில் பாட்டு கேட்கக் கூடாது. ரேடியோவின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. ஒரே தம்பி என்கிற முறையில் அரிஸ்டில் அந்தத் துக்கத்தைக் காவல் காத்தான். ஒரு தடவை துணியை விலக்கி ரேடியோவைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்று அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறான். செத்தவரை ஊர் சிரிக்க வைக்கலாமா என்று கத்தியிருக்கிறான். அவன் மட்டும் வாரம் தவறாமல் வாசித்தான். கேட்டால், வாசிக்கிறது வேலை, ஆடுகிறதுதான் கொண்டாட்டம் என்பான்.

"அக்கா, நேத்து சுல்மா..."

"வந்தா, வந்தா. இங்கதான் இருந்தா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"எவ்வளவு நேரம்?"

"காப்பி குடிச்சா, போனா. ஏன், உன் பொண்டாட்டிக்கு நான் காவலா? அதுக்குத்தான் நீ இருக்கியே."

அக்காவின் முகம் சிவந்திருந்தது. இவளும் அவளுக்கு உடந்தை என்று அரிஸ்டில் முடிவு கட்டினான். சொந்த அக்காவே பொய் சொல்கிறாள் என்றால் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கும்! இருபது வருஷ வாழ்க்கை கையைவிட்டுப் போகிறதே என்று பயந்தான். அதைச் சுல்மாவிடமே சொல்லி அழுதிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆம்பளைக்கு அது வருமா?

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் சைடிகோ துள்ளல் பாட்டுகள், தரை அதிர்ந்தது. பிறகு எல்லோரும் மூச்சு வாங்க ஒரு வால்ட்ஸ். புளோரெஸ்தான் சுல்மாவின் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றிக் கேட்டார், அவள் எழுந்தாள். அரிஸ்டில் வாசித்துக்கொண்டே பார்த்தான். இடது கால். புளோரெஸ்தான் மிதிபடவில்லை. அவள் எந்தக் காலை வைப்பாள் என்று முன்பே தெரிந்தவர்போல் லேசாக ஒதுங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் தாளவில்லை. அரிஸ்டில் பாட்டை நடுவிலேயே நிறுத்தினான். அக்கார்டியன் இழுபட்ட மூச்சோடு அப்படியே நின்றது. வயலின்காரனும் கிளியோபாவும் தடுமாறி நிறுத்தினார்கள். மைக்கை வாயருகே இழுத்தான்.

"புளோரெஸ்தான் அண்ணே! சனிக்கிழமை ஆடுறது பத்தலைன்னு புதன்கிழமையும் பாடம் நடக்குதாமே? கொட்டகையில எடம் இருந்தா சொல்லுங்க, நானும் வந்து உக்காந்து பார்க்கறேன். என் பொண்டாட்டி காலு இப்போ உங்க பேச்சைத்தான் கேக்குது."

புளோரெஸ்தான் சுல்மாவைப் பார்த்தார். அவள் மிக லேசாகத் தலையசைத்தாள், சொல்லாதே என்பதுபோல. அதையும் அரிஸ்டில் பார்த்தான். புளோரெஸ்தான் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுல்மா தரை நடுவில் தனியாக நின்றாள். பிறகு அவளும் போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை, சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. இல்லை என்று அவள் மறுப்பாள், அழுவாள், சத்தியம் செய்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் எதுவும் செய்யவில்லை. புதன்கிழமை மத்தியானம் அவன் ஆலையில் தலைவலி என்று சொல்லிவிட்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தான்.

ட்ரக் பின்னால்தான் நின்றது. மரக் கதவு சாத்தியிருந்தது. கிட்டே போனதும் சத்தம் கேட்டது. கைத்தட்டல், மண்தரையில் பாதம் மிதிக்கிற சத்தம், அதற்குமேல் வாயால் பாடுகிற குரல்கள். அக்கார்டியன் இல்லை, வயலின் இல்லை. தவக்காலத்தில் கருவிகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கையையும் காலையும் மட்டும் நம்பிப் பாடுவார்களே, அந்த மாதிரி. ஆனால் இது தவக்காலம் இல்லை. அவன் யோசிக்கவில்லை. ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. கதவை உதைத்துத் திறந்தான்.

"எவன்டா அவன்? வெளிய வாடா!"

கைத்தட்டல் நின்றது. கிழங்குக் குவியல்களுக்கு நடுவே நாலைந்து பெண்கள், எல்லோரும் கறுப்பு உடையில். எல்லோரையும் அவனுக்குத் தெரியும். எல்லோரும் இந்த வருஷம் கணவனைப் புதைத்தவர்கள். நடுவில் சுல்மா நின்றாள். அவள் இடது கையில் ஒரு பெண்ணின் கை இருந்தது, வலது கை அந்தப் பெண்ணின் முதுகில் இருந்தது. இடது காலை முன்னே வைத்து, ஓர் ஆண் எப்படி நிற்பானோ அப்படி நின்றாள். அவள் பிடியில் இருந்தது எமெராந்த்.

முதலில் வாய் திறந்தது அக்காதான். "எவனைத் தேடுறே தம்பி? இங்க ஆம்பளைன்னு பார்த்தா உன் பொண்டாட்டி ஒருத்திதான்."

அரிஸ்டில் அவளுடைய கறுப்பு உடையைப் பார்த்தான். "அக்கா, நீ துக்கத்துல... வருஷம் இன்னும்..."

"கருவி இல்லை, ஆம்பளை இல்லை," என்றாள் சுவரோரம் நின்ற தடித்த அம்மாள் ஒருத்தி. "ரெண்டும் இல்லாதது ஆட்டத்துல சேத்தியா? வேணும்னா பாதிரியாரைக் கேளு. கேட்டுட்டு எங்ககிட்ட மட்டும் வந்து சொல்லாதே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

"உங்கிட்டயா? ரேடியோவைத் தொட்டுப் பார்த்தவன்கிட்டயா?" என்றாள் எமெராந்த். "குஸ்தாவ் போனப்போ கண்ணு அழுதுச்சு. அழுது முடிச்சிருச்சு. காலு இன்னும் அழுதுக்கிட்டே இருக்கு தம்பி. முப்பது வருஷம் அவரோட ஆடின காலு. அதுக்கு யாரு ஆறுதல் சொல்றது? இவதான் வந்தா. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிக் கொடுத்தா. நீ ஊர் முன்னால அவ மானத்தை வாங்கினப்பகூட வாயைத் திறக்கலை."

அவன் சுல்மாவைப் பார்த்தான். அவள் அக்காவின் கையை விட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"யாரு அவன், யாரு அவன்னு என் ஷூவை மோந்து பார்த்தியே. இருபது வருஷத்துல ஒரு தடவை, வா சுல்மா ஆடலாம்னு கேட்டிருக்கியா? இவங்க புருஷனுங்க செத்துப்போனாங்க. என் புருஷன் உசிரோட மேடையில நிக்கிறான். எங்களுக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான்."

தடித்த அம்மாள் வந்து அவனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் கைத்தட்டல் மறுபடி ஆரம்பித்தது. அவன் வெயிலில் நின்றான். செத்துப்போகலாம்போல இருந்தது.

புளோரெஸ்தான் வயலோரத்தில் கிழங்குக்கொடி அறுத்துக்கொண்டிருந்தார். அரிஸ்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் நிமிரவே இல்லை.

"அண்ணே, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"கொட்டகைக்குள்ள போய்ப் பார்த்துட்டியாக்கும்."

"பார்த்துட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? ஊர் முன்னால அவமானப்பட்டுட்டுப் போனீங்களே."

"சொன்னா அவங்க மானம் போகும். என் பொண்டாட்டி செத்த வருஷம் என் காலு பட்ட பாடு எனக்குத் தெரியும். அதான் கொட்டகையைத் திறந்து விட்டேன்." அரிவாளைக் கீழே வைத்தார். "மைக்குல பேசினே. மைக்குலயே திருப்பி எடு."

"எடுக்கறேன் அண்ணே. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"எல்லாத்தையும் சொல்லாதே. அந்தப் பொம்பளைங்க பேச்சு வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா ஊர் அவங்களைக் கிழிச்சுப் போட்டுடும்."

"அப்போ நான் என்னன்னு சொல்றது? புதன்கிழமை கொட்டகையில என்னதான் நடந்துச்சுன்னு கேட்பாங்களே."

"கேட்கட்டும்," என்றார் புளோரெஸ்தான். மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அரிஸ்டிலுக்கு உறைத்தது. காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? பொண்டாட்டி செய்ததைத் தெரிந்துகொண்டே விழுங்கினவன் என்று நினைக்கும். அவன் மனசில் இத்தனை நாள் குடியிருந்த சந்தேகம் இனி ஊர் மனசுக்குக் குடிபோகும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சனிக்கிழமை கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். சண்டை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. புளோரெஸ்தான் கஞ்சி போட்ட சட்டையில் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். சுல்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அரிஸ்டில் பாட்டைத் தொடங்கும் முன்னாலேயே மைக்கைப் பிடித்தான்.

"போன சனிக்கிழமை இந்த மைக்குல ரெண்டு நல்ல மனுஷங்களைப் பத்தி அசிங்கமாப் பேசினேன். புளோரெஸ்தான் அண்ணனைப் பத்தி, என் சுல்மாவைப் பத்தி. அது பொய். என் மனசுல இருந்த அழுக்கு அது, அவங்ககிட்ட இருந்தது இல்லை. அண்ணே, மன்னிக்கணும். சுல்மா, மன்னிக்கணும்."

"அப்போ புதன்கிழமை?" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். சிரிப்பு எழுந்தது. கிளியோபாகூடத் தகரத்தில் ஒரு கீறல் கீறி, வாயைப் பொத்திக்கொண்டான்.

"புதன்கிழமையைப் பத்தி நான் எதுவும் சொல்லப்போறதில்லை," என்றான் அரிஸ்டில். சிரிப்பு இன்னும் பலத்தது. அவன் காது வரை சிவந்தான். எமெராந்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டான்.

பிறகு அவன் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். அக்கார்டியனைக் கழற்றி வயலின்காரனின் காலடியில் வைத்தான். "நீ ஒரு வால்ட்ஸை எடு. வயலின் மட்டும் போதும்." மேடையைவிட்டு இறங்கினான். கூட்டம் விலகியது. சுல்மாவின் முன்னால் போய், மற்ற ஆண்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றான். தரையில் நின்று பார்க்கும்போது அவள் முகம் மேடையிலிருந்து தெரிகிற முகமாக இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சுல்மா, இந்த ஒரு பாட்டுக்கு என்கூட ஆடுறியா?"

கூடமே அவள் வாயைப் பார்த்தது.

"மாட்டேன்," என்றாள் சுல்மா.

எழுந்து அவனைத் தாண்டிப் போனாள். புளோரெஸ்தானின் முன்னால் நின்று கையை நீட்டினாள். பெண் போய் ஆணைக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. புளோரெஸ்தான் ஒரு கணம் அரிஸ்டிலைப் பார்த்தார், பிறகு எழுந்தார். இரண்டு பேரும் சுற்றத் தொடங்கினார்கள். அரிஸ்டில் ஆடுகிறவர்களுக்கு நடுவே, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், வயலின்காரன் வாசித்து முடிக்கும்வரை நின்றான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ட்ரக்கை அவன்தான் ஓட்டினான். வெகு தூரம் போன பிறகு கேட்டான்.

"ஊர் முன்னால என்னை வேண்டாம்னுட்டியே."

"ஊர் முன்னாலதான நீயும் பேசினே."

"அதுக்குச் சரியாப் போச்சா?"

"எதுக்கும் எதுவும் சரியாப் போகலை." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்கா பேரைச் சொல்லாம நின்னியே. அது மட்டும் நல்லா இருந்துச்சு."

"அப்போ என்னைக்குத்தான் என்கூட ஆடுவே?"

"எனக்கே தெரியாது. நீ இறங்கி வந்து கேளு. சரிம்பாளா மாட்டேம்பாளான்னு சந்தேகப்பட்டுக்கிட்டே வந்து கேளு. அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே."

அடுத்த சனிக்கிழமை அவன் இறங்கி வந்து கேட்டான். மாட்டேன் என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்து கேட்டான்.